தமிழ் நேசன், 1924–2019: ஒரு நாளேட்டின் வரலாற்றை அதன் தாளிலிருந்தே எடுக்கும் முறை

1924 செப்டம்பர் 10, புதன்கிழமை. கோலாலம்பூரில் ஜி. நரசிம்ம ஐயங்கார் தமிழ் நேசனைத் தொடங்கினார். 2019 ஜனவரி 31, வியாழக்கிழமை இதழோடு அது நின்றது. இடையில் 94 ஆண்டுகள். மலேசியாவின் முதன்மைத் தமிழ் நாளேடு என்று பிற்காலத்தில் பேசப்பட்டாலும், அது பிறந்தபோது கோலாலம்பூர் சிறிய ஊர்தான். 1921 கணக்கெடுப்பில் மக்கள்தொகை எண்பதாயிரத்தை ஒட்டித்தான் இருந்தது. அதில் தமிழ் படிக்கத் தெரிந்து காசு கொடுத்து ஏடு வாங்கக்கூடியவர்கள் லெபோ அம்பாங் தெருவின் செட்டியார் கிட்டங்கிகள் (வட்டிக்கடைகள்), ரயில்வே குடியிருப்புகள், அரசாங்க அலுவலகக் குமாஸ்தாக்கள் என்று ஒரு கைக்குள் அடங்குவார்கள். உண்மையான வாசகர் வெளியே இருந்தார்: சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில்.

நேசனைப் பற்றி எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் ஆசிரியர் வரிசையைச் சொல்லி, இலக்கியத் தொண்டைப் புகழ்ந்து, மூடியதற்கு வருந்தி முடித்துவிடுகிறார்கள். அந்த வரிசை முக்கியம்தான். ஆனால் ஏடு ஏன் தழைத்தது, ஏன் நின்றது என்பதற்கு அதில் விடை இல்லை. விடை இருப்பது வழித்தடத்தில்: கட்டு எந்த ரயிலில் ஏறியது, எந்த ஏஜெண்டு இறக்கினார், எந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) யார் உரக்கப் படித்தார், காசு எந்த நாளில் வசூலானது என்பதில். இந்த ஆய்வு அந்தப் பக்கமாகவே போகிறது. சான்று வேறெங்கும் தேட வேண்டாம். பழைய தாள்களே போதும், பார்க்கும் முறை தெரிந்தால்.

தேதி கிழிந்த தாளை எப்படி ஆண்டிடுவது

கைக்கு வருவது முழுத் தொகுப்பாக இருப்பது அரிது. படம் மாட்டிய சட்டத்தின் பின்னட்டை, டிரங்குப் பெட்டியின் அடிவிரிப்பு, யாரோ ஒருவரின் மரண அறிவித்தலுக்காக மடித்து வைத்த ஒற்றைத் தாள் என்றுதான் வரும். முகப்பு கிழிந்திருக்கும். முதலில் கடைசிப் பக்கத்தின் அடியைப் பாருங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் அங்கே இருக்கும். சட்டம் கேட்பதால் எந்த ஏடும் அதை விட்டதில்லை. ஏட்டின் கை மாறிய நாளையும் அச்சகம் மாறிய நாளையும் செய்திப் பக்கத்தில் அறிவிக்காமல் இருக்கலாம், இந்த வரியில் மறைக்க முடியாது. தொடர்ச்சியாகத் தாள்கள் இருந்தால் இந்த ஒரு வரியை மட்டும் நகலெடுத்து அடுக்கினாலே நிர்வாக வரலாறு கிடைத்துவிடும்.

1984ஆம் ஆண்டு அச்சு இயந்திரங்கள், வெளியீடுகள் சட்டத்துக்குப் பிந்தைய தாளென்றால் வேலை இன்னும் எளிது. பிபி என்று தொடங்கும் உள்துறை அனுமதி எண்ணின் வாலில் ஒரு மாதமும் ஓர் ஆண்டும் இருக்கும். அது அனுமதி முடியும் காலம். எனவே தாள் அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்துக்குள் அச்சானது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கட்டாயம் 2012 திருத்தத்தோடு போய்விட்டதால் அதற்குப் பிறகு இந்தக் கணக்கு உதவாது.

தமிழ் ஆண்டுப் பெயரை நம்பி ஏமாறுகிறவர்கள் உண்டு. நேசன் தொடங்கியது ரக்தாட்சி ஆண்டில். அதே ரக்தாட்சி 1984 ஏப்ரலில் மறுபடி வந்தது. ஆண்டுப் பெயர் மட்டும் தெரியும் துண்டுத் தாளில் அறுபது ஆண்டு பிழை வர வாய்ப்பு இருக்கிறது. விலையையும் ஊர்ப்பெயரையும் பார்த்து உறுதி செய்ய வேண்டும். ‘போர்ட் சுவெட்டன்ஹாம்’ என்று இருந்தால் 1972க்கு முன். அந்த ஆண்டில்தான் அது கிள்ளான் துறைமுகமானது. ‘தெலுக் அன்சன்’ என்றால் 1982க்கு முன். பிறகு தெலுக் இந்தான். ‘மலேசியா’ என்ற சொல் நாட்டின் பெயராக வந்தால் 1963 செப்டம்பர் 16க்குப் பின். ஜப்பானியர் காலத்து மலாயா ஏடுகளில் 2602, 2603 என்று ஆண்டு கிடக்கும். அது ஜப்பானிய ஆண்டுக்கணக்கு, 660ஐக் கழித்தால் 1942, 1943. பணத்தைப் பொறுத்தவரை ‘வெள்ளி’ என்ற சொல் எந்தக் காலத்துக்கும் பொருந்தும், இன்றும் பொருந்தும். அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. ‘ரிங்கிட்’, ‘சென்’ என்ற பெயர்கள் 1975இல்தான் அதிகாரபூர்வமாயின. அவை ஆங்காங்கே கண்ணில் பட்டால் அதற்குப் பிந்தைய தாளாக எண்ணலாம்.

எழுத்துப் பெட்டி

ஈய அச்செழுத்துக் காலத்துத் தமிழ் ஏடு ஒன்றில் அச்சுக் கோப்பவர் முன்னால் எத்தனை அறை இருந்தது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தத் தொழிலின் பளு புரியும். அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்தவை 18, இகரம் 18, ஈகாரம் 18, உகரம் 18, ஊகாரம் 18: இவை ஒவ்வொன்றும் தனி வார்ப்பு. 108 ஆயிற்று. உயிர் 12, ஆய்தம் 1. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு என்று 4. பழைய வடிவில் ஒட்டியே வார்த்த ணா, றா, னா மூன்றும், யானைத் துதிக்கை போட்ட ணை, லை, ளை, னை நான்கும். கிரந்த எழுத்து ஐந்துக்கும் இதேபோல் ஆறாறு என்றால் 30, அதோடு ஸ்ரீ. எண்கள், நிறுத்தக்குறிகள். 180 அறைக்குக் குறையாது. இது ஓர் அளவு எழுத்துக்கு மட்டும். செய்திக்கு ஓர் அளவு, துணைத்தலைப்புக்கு ஓர் அளவு, தலைப்புக்கு ஓர் அளவு என்று பெட்டி பெருகும்.

எழுத்து தீர்ந்துபோவதுதான் அன்றாடத் தொல்லை. சித்திரைத் திருவிழா வாரத்தில் ‘கு’வும் ‘ம்’மும் பறக்கும், ‘அருள்மிகு’, ‘கும்பாபிஷேகம்’, ‘குடமுழுக்கு’ என்று எல்லா விளம்பரமும் அவற்றைக் கேட்கும். முந்தின நாள் பக்கத்தைப் பிரித்து எழுத்தைப் பெட்டியில் போட்டு முடிப்பதற்குள் புதுப் பக்கம் கோக்க வேண்டும். அப்போது கோப்பவர் வேறோர் எழுத்தைத் தலைகீழாகத் திருப்பி, அதன் அடிப்பாகம் மேலே தெரியும்படி இடம் பிடித்து வைப்பார். மெய்ப்புத் தாளில் அது கறுப்புக் கோடு இரண்டாக விழும். சரியான எழுத்து கிடைத்ததும் மாற்ற வேண்டும். நேரம் தவறினால் அந்தக் கோடுகள் அப்படியே அச்சில் போய்விடும். பழைய தாளில் ஒரு சொல்லின் நடுவே இரட்டைக் கறுப்புக் கோடு தெரிந்தால் அது தணிக்கையும் அல்ல, பூச்சி அரித்ததும் அல்ல. அன்று அந்த எழுத்துக்குப் பஞ்சம், அவ்வளவே.

தேய்ந்த எழுத்து இன்னொரு சிக்கல். ‘ர’வும் காலும் ஒன்றுபோலத் தெரியும். கொம்பில் மை அடைத்து ‘ெ’, ‘ே’ வேறுபாடு போய்விடும். ஆட்பெயர் எடுக்கும்போது இது நேராக இடிக்கும். ‘பெருமாள்’ குழப்பாது, ஆனால் அரிய குடும்பப் பெயர்களும் தமிழில் எழுதிய மலாய் ஊர்ப்பெயர்களும் குழப்பும்.

எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. அதில் மாறியவை ணா முதல் னோ வரை 13 வடிவங்கள். மலேசிய ஏடுகள் அதன் பிறகு படிப்படியாக மாறின. எனவே செய்தி உடலில் துதிக்கை லை இருந்தால் பழைய தாள் என்பது பொதுவாகச் சரி. தலைப்பையும் விளம்பரத்தையும் வைத்துச் சொல்லாதீர்கள். கடைக்காரர் ஒருமுறை செய்து கொடுத்த பிளாக் (அச்சுக்கட்டை) பல ஆண்டு ஓடும். 1985இல் முத்து நெடுமாறனின் முரசு மென்பொருள் இங்கேயே உருவானபின் கணினி எழுத்து பரவியது. ஈயப்பெட்டி மூலைக்குப் போனது.

ஆசிரியர் மேசை

இங்கே சுருக்கமாகவே நிற்கலாம், ஏற்கெனவே பலர் எழுதியிருப்பதால். 1950–51இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ஏட்டில் நடத்திய கதை வகுப்பு, 1950களில் எழுத்தாளர் கு. அழகிரிசாமி இங்கே பணியாற்றிய ஆண்டுகள், 1972இல் முருகு சுப்பிரமணியன் சிறுகதைகளுக்குக் கொண்டுவந்த பவுன் பரிசுத் திட்டம்: மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் வளர்ச்சியை இந்த மூன்றையும் விட்டுப் பேச முடியாது. விற்பனைக் கண்ணால் பார்த்தால் இவை இன்னொன்றையும் செய்தன. கதை வகுப்பில் சேர்ந்தவர் தன் பயிற்சிக்கான குறிப்பு அடுத்த வாரம் வருமா என்று பார்க்க ஏட்டை வாங்கியாக வேண்டும். தோட்டத்துப் பள்ளி ஆசிரியரும் கிராணியும் (தோட்ட எழுத்தரும்) வாசகர் நிலையிலிருந்து பங்காளி நிலைக்கு வந்தார்கள். இலக்கியம் ஒரு சந்தா உத்தியாகவும் இருந்தது என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வதாகாது.

நின்று பேச வேண்டிய பெயர் ஆர்.எச். நாதன். நேசனின் ஆசிரியர் குழுவில் இருந்தவர், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் முன்னணியாளர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்துக்கு அவரும் அவர் தோழர்களும் தலைமை தாங்கினர். கோரிக்கைப் பட்டியலைப் படித்தால் கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடுவதும் இருக்கும். துரையோ தோட்ட அதிகாரியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் இருக்கும். அந்த ஆண்டு மே மாதம் நாதன் கைதானார், பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர்.

இதை அரசியல் வரலாறாகவே எல்லோரும் எழுதுகிறார்கள். ஏட்டு வரலாறாகவும் படிக்க வேண்டும். ஒரு தோட்டத்தில் நடந்தது பக்கத்துத் தோட்டத்துக்குத் தெரிவதற்கு அன்று இருந்த வழிகள் சில: மாற்றலாகிப் போகும் ஆள், திருவிழாக் கூட்டம், இந்த ஏடு. நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 என்று 1920களின் பிற்பகுதியில் நிர்ணயித்த காலத்திலிருந்தே ஆளுக்கொரு பிரதி என்பது நினைத்தும் பார்க்க முடியாதது. லயத்துக்கு ஒன்று வரும். எழுத்துத் தெரிந்தவர் படிப்பார், மற்றவர்கள் சூழ்ந்து கேட்பார்கள். ஆகவே அந்தக் காலத்து விற்பனை எண்ணை வாசகர் எண்ணாக எடுக்கக் கூடாது; பிற்காலத்து ஏட்டோடு ஒப்பிட்டால் கணக்கே தலைகீழாகிவிடும்.

ஊர்ப்பெயர்க் கணக்கு

ஏட்டின் நிலவியல் மாறியதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கருவி எதுவும் தேவையில்லை, பொறுமை வேண்டும்.

1950, 1960 என்று பத்தாண்டுக்கு ஒன்றாக 2010 வரை ஏழு ஆண்டுகள். ஒவ்வோர் ஆண்டிலும் ஒரே வாரம், ஏழு இதழ்கள். மொத்தம் 49. வாரத்தைத் தேர்வதில் கவனம் வேண்டும். தைப்பூசமும் தீபாவளியும் வரும் மாதங்களை ஒதுக்குங்கள், அப்போது பத்துமலையும் வாழ்த்து விளம்பரங்களும் மற்றதையெல்லாம் மூடிவிடும். பள்ளித் தேர்வு முடிவு வெளியாகும் வாரமும் ஆகாது. ஜூன் மாதத்தின் இரண்டாம் வாரம் நல்லது. 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் கால இடைவெளியைத் தாண்டவேண்டியிருப்பதால் போருக்கு முந்தைய காலத்தைத் தனியாக, 1930ஐயும் 1938ஐயும் வைத்துப் பார்க்கலாம். 1938 ஜூனில்தான் இந்திய அரசு மலாயாவுக்குத் தோட்டத் தொழிலாளர் வருவதை நிறுத்தியது. அதற்குப் பிறகு வாசகர் தொகை கப்பலில் வந்து கூடவில்லை, இங்கேயே பிறந்துதான் கூட வேண்டியிருந்தது.

ஒவ்வோர் இதழிலும் மரண அறிவித்தல், நினைவஞ்சலி, கோயில் அறிவிப்பு, சங்கச் செய்தி, வாசகர் கடிதம், சிறுவர் பகுதி ஆகியவற்றில் வரும் ஊரை மட்டும் எழுதுங்கள். ஓர் அறிவிப்புக்கு ஓர் ஊர். அதைத் தோட்டம், கம்பம் (சிற்றூர்), பட்டணம், தாமான் (வீடமைப்புப் பகுதி) என்று நான்கு கட்டத்தில் போடுங்கள்.

தப்பு நேரும் இடங்கள் தெரிந்தவை. மரண அறிவித்தலில் மூன்று ஊர் இருக்கும்: இறந்தவரின் தமிழ்நாட்டுச் சொந்த ஊர், பிள்ளைகள் வேலை செய்யும் ஊர், சவ ஊர்வலம் புறப்படும் வீடு. கடைசியை மட்டும் எடுக்க வேண்டும். கிள்ளான், கிளாங், கிள்ளாங் என்று ஒரே ஊரைப் பலவாறு எழுதியிருப்பார்கள். தோட்டத்துக்கு ஆவணத்தில் ஒரு பெயர், தமிழர் வாயில் வேறு பெயர். பெரிய தோட்டமென்றால் டிவிஷன் (தோட்டப் பிரிவு) பெயர் மட்டுமே இருக்கும். அந்த வட்டாரத்தில் வளர்ந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இந்தப் பகுதியைச் செய்யாதீர்கள். இன்னொரு பொறி: தோட்டம் அழிந்து எழுந்த வீடமைப்புக்கு அதே தோட்டத்தின் பெயரையே வைத்திருப்பார்கள். ‘தாமான்’ என்ற முன்னொட்டு விடுபட்டிருந்தால் தோட்டக் கணக்கில் ஏறிவிடும். வீட்டு எண்ணும் ஜாலான் (தெரு) எண்ணும் இருந்தால் அது தாமான்.

கணக்கு எந்தத் திசையில் போகும் என்பதை நாட்டு நடப்பே சொல்லிவிடுகிறது. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதைத் தடுக்கத்தான் மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1969க்குப் பின் வேலை அனுமதிச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்களைக் கப்பலேற்றியது. ரப்பர் போய் செம்பனை வந்தது, செம்பனைக்கு ஆள் குறைவு. பிறகு கோலாலம்பூரைச் சுற்றியிருந்த தோட்டங்கள் வீடமைப்பாயின. இதில் எந்த வட்டாரம் முதலில் ஏட்டின் பக்கங்களிலிருந்து மறைந்தது, எங்கே கோயில் அறிவிப்பு மட்டும் தங்கி மரண அறிவித்தல் நின்றது என்பதைத்தான் இந்தக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும். தோட்டம் காலியானபின்னும் கோயில் திருவிழாவுக்கு ஆள் கூடுவார்கள்; ஆகவே அந்த இரண்டையும் சேர்த்து எண்ணினால் தோட்டம் இல்லாத இடத்தில் தோட்டம் இருப்பதாகக் காட்டும்.

கட்டும் காசும்

தோட்டத்தில் ஏஜெண்டின் வேலை எளிது. ஒரே இடத்தில் ஒரு கட்டு இறக்குவார், சம்பள நாளில் ஒரே நடையில் காசு வாங்குவார். அதே குடும்பங்கள் பட்டணத்துத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் சிதறிப்போனால் ஒரு தெருவில் ஒரு வீடு, அடுத்த தெருவில் எதுவுமில்லை. மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கே ஏஜெண்டின் கமிஷன் கட்டாது. கடையில் எல்லா மொழி ஏட்டோடும் சேர்த்து அடுக்கி வைப்பதுதான் மிஞ்சும். கடையில் வைத்தால் விற்காதது திரும்பி வரும்.

திரும்பி வருவது எவ்வளவு பாரம் என்பதற்கு ஒரு கணக்கு. பக்கம் 35க்கு 56 செ.மீ., தாள் சதுர மீட்டருக்கு 45 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 24 பக்க ஏடு 12 இலை, பரப்பு 2.35 சதுர மீட்டர். எடை ஏறக்குறைய 106 கிராம். பத்தாயிரம் பிரதிக்கு ஒரு டன்னுக்குச் சற்று மேல், உருளை மாற்றும்போதும் நிறம் சரிசெய்யும்போதும் போகும் வீண் தனி. நூற்றுக்கு முப்பது திரும்பினால் நாளொன்றுக்கு 318 கிலோ தாள் பழைய பேப்பர் விலைக்குப் போகிறது. மையும் மின்சாரமும் ஏற்றுகூலியும் போனது போனதே. ஞாயிறு பதிப்பில் பக்கம் இரட்டிக்கும், இழப்பும் இரட்டிக்கும். பிரதியைக் குறைத்து அச்சிடலாமே என்று கேட்பார்கள். குறைத்தால் விளம்பரக்காரர் கேட்கும் எண்ணிக்கை விழும். விளம்பர விலை அதோடு இறங்கும். சிறு நாளேடுகள் எல்லாம் மாட்டிக்கொள்ளும் இடுக்கு இதுதான்.

இந்த இடுக்கில் ஏடுகளைத் தாங்கியவை மூன்று. மரண அறிவித்தல் முதலாவது; குடும்பம் பேரம் பேசாது, காசு முன்னதாகவே வரும். இரண்டாவது கோயில், சங்கம், அரசியல் வாழ்த்து விளம்பரம். தொகை பெரிது, வசூல் இழுக்கும். மூன்றாவது, ஆறாம் வகுப்பு மாணவர்கள் எழுதிவந்த, 2021இல் ஒழிக்கப்பட்ட யூபிஎஸ்ஆர் அரசுத் தேர்வுக்கான வழிகாட்டி. ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள நாட்டில் ஆறாம் வகுப்பு மாதிரி வினாத்தாள் மொத்தப் பிரதியாகவே விற்றது. பள்ளி விடுமுறையில் அதுவும் படுத்துவிட்டது.

போட்டியும் கூடியது. 1980களில் தமிழ் ஓசை, மலேசிய நண்பன், பிறகு மக்கள் ஓசை என்று நாளேடுகள் வந்தன. அதே 80களிலிருந்து நேசன் அன்றைய ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் ச. சாமிவேலுவின் குடும்பத்தார் வசம் இருந்தது. கட்சிச் சார்பு தெரிந்த ஏட்டை எதிரணி ஆதரவாளர் வாங்கமாட்டார். ஆனால் அதே சார்பு வாழ்த்து விளம்பரத்தைக் கொண்டுவரும். இரண்டையும் தராசில் வைக்காமல் ‘அரசியல்தான் கெடுத்தது’ என்பது பாதி விடை. கைத்தொலைபேசியில் மரணச் செய்தி அரை மணியில் உறவுக்கெல்லாம் போய்ச் சேரத் தொடங்கியது எங்கள் பார்வையில் அதைவிடப் பெரிய அடி. சேதி சொல்வதற்காகவே கொடுத்த விளம்பரம் மரியாதைக்காகக் கொடுப்பதாகச் சுருங்கியது.

தாளைக் காப்பது, படமெடுப்பது

செய்தித்தாள் மரக்கூழில் செய்தது, லிக்னின் நிறைந்தது. வெயில் பட்டால் மஞ்சளாகும், பிறகு பழுப்பு, பிறகு மடிப்பில் முறியும். கோலாலம்பூர்க் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொடும். பகலில் மட்டும் குளிர்சாதனம் போட்டு இரவில் அணைக்கும் அறையைவிட, காற்றோட்டமுள்ள சாதாரண அறை நல்லது. ஏற்ற இறக்கம்தான் பூஞ்சையை வளர்க்கும். மடித்ததைப் பிரித்து மட்டமாக, அமிலமற்ற அட்டைகளுக்கு இடையே வையுங்கள். ஒட்டுநாடா கூடவே கூடாது, லேமினேட் அதைவிட மோசம். பூச்சி இருந்தால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் அறை வெப்பத்துக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள்.

படமெடுக்க இரண்டு விளக்கு, இரு பக்கமும் 45 பாகையில். அங்குலத்துக்கு 400 புள்ளிக்குக் குறைந்தால் சிற்றெழுத்து விளம்பரத்தில் புள்ளி போய்விடும். தைத்துக் கட்டிய தொகுதியில் தையலை ஒட்டிய பத்தி மறையும். அதைத் தனியாக, பக்கத்தைச் சற்றுத் தூக்கி, இன்னொரு படம் எடுத்தே ஆக வேண்டும். நூலக நுண்படச் சுருள் என்றால் 35 மி.மீ., நூறு அடி. அதை எடுத்தவர்கள் பெரும்பாலும் இந்த உள்பத்தியைக் கவனிக்கவில்லை. சுருளைத் திறந்ததும் புளித்த வினிகர் வாடை வந்தால் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது. மற்றச் சுருள்களிலிருந்து பிரித்து, முதலில் அதைப் படியெடுங்கள்.

படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் மென்பொருளை 1978க்கு முந்தைய தாளில் அப்படியே ஓட்டினால் துதிக்கை எழுத்துகளை வெவ்வேறாகத் தவறாகப் படிக்கும். ‘சென்னை’, ‘மலை’, ‘பிள்ளை’ போன்ற சொற்கள் எல்லாம் தேடலில் விழாது. பிழைவடிவங்களை ஒரு பட்டியலாக்கித் தொகுப்பாக மாற்றுவது ஒரு வழி. ஐகாரம் இல்லாத சொல்லால் தேடுவது அதைவிட விரைவு. ‘பிள்ளை’க்குப் பதில் இறந்தவரின் முன்பெயர், ‘மலை’க்குப் பதில் மாவட்டம்.

1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் அச்சு வெளியீட்டுக்கு ஐந்து பிரதி தேசிய நூலகத்துக்குத் தர வேண்டும் என்கிறது. அதனால் அதற்குப் பிந்தைய இதழ்களைத் தேடி வீடுவீடாக அலைய வேண்டாம். ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் அந்த நூலகத்திலிருந்து தொடங்கலாம். அலைச்சலை அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: பழைய தோட்டப் பள்ளி அலமாரிகள், கோயில் நிர்வாக அறைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர் வீடுகள், ஏஜெண்டுகளின் குடும்பங்கள். ஏஜெண்டு வீட்டில் ஏடு கிடைக்காவிட்டாலும் வசூல் புத்தகம் கேளுங்கள். எந்தத் தோட்டத்துக்கு எத்தனை பிரதி, எந்த மாதம் பாக்கி என்று அதில் இருக்கும். ஊர்ப்பெயர்க் கணக்கை அதோடு ஒட்டிச் சரிபார்க்கலாம்.